ஐந்து லட்சம்: பற்றா, வரவா?

தினமும் நாற்பது நிமிடம் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார. சர்க்கரை இன்னும் உள்ளே வரவில்லையாம், வாசலில் நின்று காலிங் பெல் அடித்துக்கொண்டிருக்கிறதாம். விடியற்காலையில் எழுந்து நடக்கிற ஆள் இல்லை நான். அதனால் சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் டல்ஹவுசியிலிருந்து நடையைக் கட்டுவேன். (பி.பி.டி. பாக் என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிறது. பஸ் கண்டக்டரிலிருந்து எங்கள் ஏ.ஜி.எம். வரை எல்லாருக்கும் அது இன்னும் டல்ஹவுசிதான்.) கொல்கத்தா ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரத்தைத் தாண்டினால் எதிரே ஈடன் கார்டன்ஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாலைதான். மைதானத்தின் இரண்டு முனைகளில் ஒன்றுக்கு ஹைகோர்ட் எண்ட் என்றே பெயர். டி.வி.யில் ஆயிரம் தடவை கேட்ட பெயர். ஹைகோர்ட் நிஜமாகவே அங்கே நிற்கிறது என்பது இங்கே மாற்றலாகி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நம் வீட்டுக்குள் கிரிக்கெட் எப்படி வருகிறது, யார் காசில் வருகிறது என்பதைத் தீர்மானித்த சண்டை அந்த மைதானத்தில் தொடங்கி, பக்கத்திலிருந்த அந்த ஹைகோர்ட்டுக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்குப் போனது. கிரிக்கெட் எழுதுகிறவர்கள் கடைசி ஓவரைப் பற்றி எழுதுவார்கள். சட்டம் படித்தவர்கள் தீர்ப்பைப் பற்றி எழுதுவார்கள். நான் பி.காம். அதனால் கணக்குப் பக்கமாக வருகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

1993 நவம்பர். நான் கோவில்பட்டியில் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. தெருக்கோடியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த அண்ணாச்சி வீட்டில்தான் கலர் டி.வி. மாடியில் ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். காற்று அடித்தால் அது இலங்கைப் பக்கம் திரும்பிவிடும், ஒருத்தன் மேலே ஏறி நின்று "இப்ப தெரியுதா?" என்று கத்த வேண்டும். அன்றைக்கு ஈடன் கார்டன்ஸில் ஹீரோ கோப்பை அரையிறுதி, இந்தியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும். அந்த மைதானத்தில் அப்போதுதான் புதிதாக விளக்குப் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்போம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே.

அந்த மேட்ச் தெரியாதவர்கள் குறைவு. அசாருதீன் 90 அடித்தும் இந்தியா 195-தான். தென் ஆப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் வேண்டியது 6 ரன். கபில்தேவுக்கு ஓவர் பாக்கி இருக்கிறது. பந்தை டெண்டுல்கரிடம் கொடுக்கிறார் அசார். இருபது வயதுப் பையன், அன்றைக்கு அதற்கு முன் ஒரு ஓவர்கூடப் போடவில்லை. முதல் பந்தில் இரண்டாவது ரன் ஓடப் போய் டிவில்லியர்ஸ் ரன் அவுட் (ஃபானி டிவில்லியர்ஸ், இந்தக் காலத்து ஏபி இல்லை). அப்புறம் ஆலன் டொனால்டு பந்தை அடிக்க முடியாமல் திணறினார். ஓவர் முழுக்கக் கொடுத்தது 3 ரன். இரண்டு ரன்னில் ஜெயித்தோம். அண்ணாச்சி வீட்டு மதினி எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார்கள், ஜன்னல் வழியாக எனக்கும் ஒன்று.

வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா தந்தி ஆபீசில் வேலை. அவருக்குக் கிரிக்கெட் அவ்வளவாகப் பிடிக்காது. எங்கள் ஊர் ஹாக்கி ஊர். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இந்த மேட்சைக் காட்டவா வேண்டாமான்னு டெல்லியில சண்டை நடந்துச்சு தெரியுமால? எங்க டிபார்ட்மெண்ட் சட்டத்தை வச்சுத்தான்" என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. தந்திக்கும் டெண்டுல்கருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தூர்தர்ஷன் 1959-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்தது 1975-ல். கலர் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. அதற்குப் பிறகுதான் சின்னச் சின்ன ஊர்களுக்குக் கோபுரங்கள் வந்தன. நாட்டில் டி.வி. என்றால் தூர்தர்ஷன், வேறு எதுவும் இல்லை. கிரிக்கெட் போர்டோ அன்றைக்கு ஏழை வீட்டுப் பிள்ளை. 1983-ல் உலகக்கோப்பை ஜெயித்து வந்த அணிக்குக் கொடுக்கப் போர்டிடம் பணமில்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் ஒரு கச்சேரி செய்து கொடுத்த வசூலில்தான் ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள். இன்றைக்கு இதைச் சொன்னால் என் பையன் நம்ப மாட்டேன் என்கிறான்.

இப்படி இருந்த காலத்தில் மேட்சை டி.வி.யில் காட்டினால் யார் யாருக்குக் காசு கொடுக்க வேண்டும்? இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால் டி.வி.தான் போர்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். அன்றைக்கு அது தலைகீழ். கேமரா கொண்டுவருவது செலவு, ஆள் கொண்டுவருவது செலவு, ஆகவே நாங்கள் காட்டுவதற்கு நீங்கள்தான் காசு தரவேண்டும் என்பது தூர்தர்ஷன் நியாயம். மேட்சுக்கு 5 லட்சம் என்பது அந்தக் கணக்கில் வந்த தொகை. போர்டின் புத்தகத்தில் அது செலவு. கல்யாண வீட்டுக்காரன் வீடியோக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி. அது அப்படித்தான் என்று எல்லாரும் நம்பினார்கள், யாரும் கேள்வி கேட்கவில்லை. வங்கியில் இப்படிச் சில கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். இருபது வருடமாக ஒரே தலைப்பில் பற்று எழுதிக்கொண்டே வருவார்கள். புதிதாக ஒருவர் வந்து "இதை ஏன் நாம் கொடுக்கிறோம்?" என்று கேட்கிற வரை ஓடும்.

கேட்டது வெளியிலிருந்து வந்தவர்கள். 1991 நவம்பரில், இனவெறிக் கொள்கையால் விலக்கி வைக்கப்பட்டிருந்த தென் ஆப்பிரிக்கா 21 வருடம் கழித்து மறுபடி ஆட வந்தது. முதல் மேட்ச், வேறெங்கே, ஈடன் கார்டன்ஸ். தங்கள் நாட்டு மக்களுக்கு இதைக் காட்டியே தீரவேண்டும் என்று அவர்கள், ஒளிபரப்பு உரிமை யாரிடம், என்ன விலை என்று கேட்டார்கள். போர்டுக்கு அந்தக் கேள்வியே புதிது. விசாரித்துப் பார்த்தால் உரிமை தங்களிடம்தான் இருக்கிறது! வீட்டுப் பரணில் கிடந்த பழைய பெட்டியில் பத்திரம் இருந்த கதை. தென் ஆப்பிரிக்க டி.வி. காசு கொடுத்து வாங்கியது. அது அந்தக் கணக்கில் எழுதிய முதல் வரவு.

கிரிக்கெட் போர்டில் அப்போது முக்கியமான ஆள் ஜக்மோகன் டால்மியா. கொல்கத்தா மார்வாடி, கட்டட வேலை எடுத்துச் செய்கிற குடும்பம். அவரைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக நிறைய எழுதியிருக்கிறார்கள். என் அபிப்பிராயம், அவருக்கு ஐந்தொகை படிக்கத் தெரியும். 1993 தொடக்கத்தில் இங்கிலாந்து அணி வந்தபோது உரிமையை டி.டபிள்யூ.ஐ. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போர்டு விற்றது. நம் நாட்டில் நடக்கிற மேட்சை நம் நாட்டு மக்களுக்குக் காட்ட தூர்தர்ஷன் அந்த நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கொடுக்கத் தொடங்கினால் எப்படி இருக்கும்? அந்தக் கோபம் உள்ளே கனன்றுகொண்டே இருந்தது. இதற்கு நடுவே 1991-லிருந்து ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டி.வி. வானத்து வழியாகவே இறங்க ஆரம்பித்துவிட்டது. தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் குடை மாதிரி டிஷ்ஷைக் கவிழ்த்து வைத்தார்கள். ஒரே கடை என்ற நிலைமை சட்டத்தில் மட்டும் மிச்சம் இருந்தது.

அதே வருட நவம்பரில் வங்காள கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பையில் எல்லாம் வெடித்தது. சங்கத்தின் தலைவர் டால்மியா. உரிமை மறுபடி டி.டபிள்யூ.ஐ.-க்குப் போனது. தூர்தர்ஷன் முறுக்கிக்கொண்டது: அவர்களுக்குக் கொடுத்துவிட்டு எங்களையும் காட்டச் சொன்னால் மேட்சுக்கு 5 லட்சம் எடுத்து வையுங்கள். அதாவது பழைய பற்றுக்கே திரும்பிப் போ. சங்கம் சொன்னது: நீங்கள் எங்களுக்குத் தர வேண்டும். ஒரே தொகை, இரண்டு புத்தகம், இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கம். என் வேலையில் இதற்கு ரீகன்சிலியேஷன் என்று பெயர். இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசினால் தீரும். இங்கே தீரவில்லை.

இந்த இடத்தில்தான் அப்பாவின் டிபார்ட்மெண்ட் சட்டம் வருகிறது. இந்தியத் தந்திச் சட்டம், 1885. தந்தி அமைக்கிற, நடத்துகிற தனி உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே, வேறு யார் செய்வதானாலும் அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்கிறது அதன் நான்காவது பிரிவு. கம்பியில்லாத் தொடர்பும் பின்னாளில் அதற்குள் வந்தது. 1980-களின் நடுப்பகுதி வரை ரேடியோ வைத்திருந்தவர்கள் தபால் ஆபீசில் வருடா வருடம் லைசென்ஸ் கட்டியது நினைவிருக்கிறதா? சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுப்பார்கள். அதுவும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். மைதானத்திலிருந்து படத்தைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றுவதும் சட்டத்தின் கண்ணில் தந்தி அடிப்பதுதான். ஆகவே டி.டபிள்யூ.ஐ. லைசென்ஸ் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று அரசு நின்றது. செயற்கைக்கோளுக்கு ஏற்றிக்கொடுக்க வேண்டிய வி.எஸ்.என்.எல். அரசு நிறுவனம். கொண்டுவந்த கருவிகளைப் பம்பாயில் சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

(இந்தியாவில் தந்தி பிறந்ததே இந்த ஊரில்தான். 1839-ல் வில்லியம் ஓஷானெஸ்ஸி என்ற டாக்டர் இங்கே கம்பி கட்டிச் சோதனை செய்தார். 1851-ல் கொல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே வேலை செய்த கம்பி வந்தது. நான் நடக்கிற வழியில்தான் பழைய தந்தி ஆபீஸ் கட்டடமும் இருக்கிறது. அப்பாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "பெயிண்ட் அடிக்கலையா?" என்று மட்டும் கேட்டார்.)

கோப்பை தொடங்கிவிட்டது. சங்கம் ஹைகோர்ட்டுக்குப் போனது, மைதானத்திலிருந்து சாலையைத் தாண்டினால் போதும். அங்கே இடைக்கால உத்தரவுகள். அதோடு நிற்காமல் உச்ச நீதிமன்றம். மேட்சுகள் ஒரு பக்கம் நடக்கின்றன, மறுபக்கம் வக்கீல்கள் டெல்லிக்கு விமானம் ஏறுகிறார்கள். நவம்பர் 15-ந் தேதி, பிடித்து வைத்த கருவிகளை விடச்சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அரையிறுதி 24-ந் தேதி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்த அந்த ஓவர் எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் இத்தனை நடந்திருக்கிறது. 27-ந் தேதி இறுதி ஆட்டத்தில் கும்ப்ளே 12 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார், மேற்கிந்தியத் தீவுகள் 123-ல் சுருண்டது. அதோடு ஊர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. வழக்கு மட்டும் மறக்கவில்லை.

எங்கள் கிளையின் ஹெட் கேஷியர் தாதா அந்த அரையிறுதிக்கு மைதானத்தில் இருந்தவர். பேப்பரைச் சுருட்டிப் பந்தம் மாதிரி கொளுத்திப் பிடித்துக்கொண்டு எல்லாரும் நின்றார்களாம். "நீங்கள் டி.வி.யில் பார்த்தீர்கள், நாங்கள் புகையில் பார்த்தோம்" என்றார். வழக்கைப் பற்றிக் கேட்டால், "டால்மியாபாபு ஜெயித்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை.

தீர்ப்பு வந்தது 1995 பிப்ரவரி 9. மூன்று நீதிபதிகள்: பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி. (மோகன் நம் உடுமலைப்பேட்டைக்காரர், தமிழில் கவிதை எழுதியவர்.) சாவந்த் தமக்கும் மோகனுக்குமாக எழுதினார், ஜீவன் ரெட்டி தனியாக எழுதினார். போட்டியை நடத்துகிறவர் அதை யார் மூலம் வேண்டுமானாலும் ஒளிபரப்பிக்கொள்ளலாம், அரசு நிறுவனம்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்றது தீர்ப்பு. இந்த அளவில் டால்மியாபாபு ஜெயித்தார்தான்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. வான்வழி அலைகள் அரசின் சொத்து அல்ல, பொதுமக்களின் சொத்து என்றார்கள். ஒரு குடிமகனுக்குப் பேச உரிமை இருப்பது போலவே தகவலைப் பெறவும் உரிமை உண்டு. பார்க்கிறவனின் அந்த உரிமைதான் முக்கியம். அலைகளை அரசும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, தனியார் ஒருவரும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, இதைக் கவனிக்க அரசிடமிருந்து விலகி நிற்கிற ஒரு பொது அமைப்பு வேண்டும். ஜீவன் ரெட்டி இன்னும் அழுத்திச் சொன்னார்: இந்த வேலைக்கு 1885-ஆம் வருடத்துச் சட்டம் போதாது, அதற்காக அலைகளைக் காசு உள்ளவர்களிடம் விட்டுவிட்டால் பேச்சுரிமை வளரும் என்று நினைப்பதும் தவறு. அரசின் கையிலிருந்து எடுத்தால் தானாக மக்கள் கைக்கு வந்துவிடாது என்பது அவர் கவலை.

எனக்கு இந்தத் தீர்ப்பில் பிடித்தது இதுதான். சண்டைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். 5 லட்சம் உன் பக்கமா என் பக்கமா என்று கேட்டு வந்தவர்கள். நீதிமன்றம் மூன்றாவதாக ஒரு ஆள் பெயரில் கணக்குத் திறந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பையன் பெயரில். அவன் மனுவும் போடவில்லை, வக்கீலும் வைக்கவில்லை.

அந்தக் கணக்கில் அப்புறம் என்ன வரவு வந்தது என்று பார்த்தால், கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

போர்டின் கணக்கு பொங்கியது. 1999-ல் ஐந்து வருட உரிமையை வாங்கியது யார் தெரியுமா? பிரசார் பாரதி, அதாவது தூர்தர்ஷன்தான். 230 கோடி ரூபாய். மேட்சுக்கு 5 லட்சம் கொடு என்று கேட்டவர்கள் ஆறே வருடத்தில் ஏலத்தில் கை தூக்கினார்கள். 2006-ல் நான்கு வருடத்துக்கு 61.2 கோடி டாலர் என்று நிம்பஸ் எடுத்தது. அப்புறம் ஐ.பி.எல். வந்தது. 2022 ஜூனில் ஐந்து சீசனுக்கான உரிமை 48,390 கோடிக்குப் போனது. மொத்தம் 410 மேட்ச். வகுத்தால் மேட்சுக்கு 118 கோடி. ஒரு விளையாட்டுக்காக, அந்த 5 லட்சத்தை 1993-ல் 12 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டிருந்தால் 2022-ல் என்ன வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன் (தொழில் தோஷம் :-)). சுமார் 1 கோடியே 34 லட்சம். எந்த வங்கியும் கிரிக்கெட்டுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

அந்த 48,390 கோடியில் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. இந்தியாவுக்குள் டி.வி. உரிமை 23,575 கோடி. இணையம், மொபைல் உரிமைகளுக்கு அதைவிடச் சற்று அதிகம் கிடைத்தது. ஆண்டெனா, கேபிள், டிஷ் எல்லாம் தாண்டி, கையிலிருக்கிற போன் முந்திக்கொண்டது.

பார்க்கிறவன் கணக்குக்கு வருவோம். அவன் பேரில் அரசு எழுதிய ஒரே பெரிய வரவு 2007-ஆம் வருடச் சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டுகளின் ஒளிபரப்பை உரிமை வாங்கியவர் பிரசார் பாரதிக்கும் பகிர வேண்டும். விளம்பர வருமானத்தில் குறைந்தது 75 சதவீதம் உரிமைக்காரருக்கு, மீதி பிரசார் பாரதிக்கு. 2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோதும் 2007-ல் மேற்கிந்திய அணி இங்கே வந்தபோதும் கோர்ட்டு வாசலில் நின்ற அனுபவத்தில் வந்த சட்டம் இது. காசுள்ளவன்தான் மேட்ச் பார்க்கலாம் என்று ஆகிவிடக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் தூர்தர்ஷன் சேனலைக் கேபிள்காரர்களும் கட்டாயம் காட்ட வேண்டும் என்பதால் அந்த மேட்சுகள் அவர்கள் வழியாகவும் ஓசியில் போயின. காசு கொடுத்து வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பகிர்ந்து வாங்கிய மேட்சைத் தூர்தர்ஷன் தன் கோபுரங்கள் வழியாகவும் தன் சொந்த டிஷ் வழியாகவும் மட்டுமே காட்டலாம் என்று முடித்தது. உரிமைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கோபுரங்களும் ஏறக்குறைய எல்லாமே 2022 மார்ச்சுக்குள் நிறுத்தப்பட்டன. மிச்சம் இருப்பது அந்த டிஷ்.

பட்டியலிலும் ஒரு வேடிக்கை. இந்திய அணியின் ஒரு நாள் மேட்ச், டி20 மேட்ச் எல்லாம் அதில் உண்டு. ஐ.பி.எல். கிடையாது. மேட்சுக்கு 118 கோடி ஆட்டம் தேசிய முக்கியத்துவத்தில் சேராது! ஹாக்கியில் பெரிய போட்டிகள் சில பட்டியலில் இருக்கின்றன. அதற்குச் சண்டை போட்டு யாரும் கோர்ட்டுக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

சட்டத்துக்கு வயது ஆனதுதான் மிச்சம். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. அப்பா அதற்கு முன்பே ரிட்டயர்டு. கடைசி நாள் எங்கள் ஊரிலிருந்து எனக்கு ஒரு தந்தி அடித்தார், அப்போது நான் போபாலில். "ஆல் வெல்" என்று இரண்டே வார்த்தை. பத்திரமாக வைத்திருக்கிறேன். தந்தி போன பிறகும் தந்திச் சட்டம் பத்து வருடம் தனியாக வாழ்ந்தது. புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது 2023 டிசம்பரில்தான்.

அப்பா இன்னும் கோவில்பட்டியில்தான். அம்மா போன பிறகு எங்களோடு வந்திருங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று. "மீன் குழம்பு வாசம் ஆகாதுடே" என்று ஒரு சாக்கு. அவருக்கு ஒரு நல்ல கனெக்‌ஷன் போட்டுக் கொடுத்தேன், மாதக் கட்டணம் என் கணக்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி. ஒரு தடவை கார்டு மாற்றியதில் கட்டணம் போகாமல் நின்று, நல்ல மேட்ச் நடுவே படம் போய்விட்டது. போன் போட்டால் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று இந்தியில் சொல்லியிருக்கிறார்கள். மோர்ஸ் தட்டிய மனிதர், ஒன்றும் இரண்டும் அமுக்கப் பொறுமை இல்லை. மறுநாளே கடைக்குப் போய் தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ் பெட்டி வாங்கி மாடியில் மாட்டிக்கொண்டார். மாத வாடகை கிடையாது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம். மகன் கட்டுகிற காசில் பார்க்கக் கூடாதா? கேட்டதற்கு, "வாங்கும்போது குடுத்ததோட சரி, யாருக்கும் பாக்கி இல்லை" என்றார். எங்கள் வீட்டில் அவர்தான் நிஜமான கணக்குப்பிள்ளை.

2024 ஜூன் 29. பார்படாஸில் டி20 உலகக்கோப்பை இறுதி ஆட்டம். மறுபடி தென் ஆப்பிரிக்கா, மறுபடி கடைசி ஓவர். ராத்திரி பதினொன்றரை இருக்கும். வீட்டில் எல்லாரும் தூங்கியாயிற்று, பையனுக்கு மறுநாள் ஏதோ பரீட்சை. நான் பால்கனியில் போனை வைத்துக்கொண்டு தனியாக. 6 பந்தில் 16 ரன் வேண்டும். டேவிட் மில்லர் நிற்கிறார், ஹர்திக் பாண்டியா பந்தோடு நடந்து போகிறார். இணையத்தில் வருகிற படம் டிஷ்ஷில் வருவதைவிடச் சில நொடிகள் பின்தங்கித்தான் வரும், அது தெரிந்த விஷயம். எனக்கு அப்போது அது நினைவில் இல்லை.

ஹர்திக் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. போன் அடித்தது. படத்தின் மேலேயே "அப்பா" என்று வந்தது. இந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் எனக்கு வயிற்றைப் பிசையும். எடுத்தேன்.

"பிடிச்சுட்டான்ல! கோட்டுக்கு வெளிய தூக்கிப் போட்டு உள்ள வந்து பிடிச்சுட்டான்!"

பின்னால் தெருவே கத்துகிறது, காதில் கேட்டது. அண்ணாச்சி வீடு இருந்த அதே தெரு.

"என்னப்பா? யாரு?"

"நீ பார்க்கலையா?"

"இங்க இன்னும் பந்தே போடலப்பா" என்றேன்.